முப்பத்தொரு பூச்சும் நாற்பது சொல்லும்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. நாற்பது சொல்லில் ஓர் அட்டை எழுதித் தரச் சொன்னார்கள். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு பொருளின் பக்கத்தில் வைக்கிற அட்டை. என்ன பொருள், எங்கே கிடைத்தது, யாருடையது. அரை மணி நேர வேலை. ஆகஸ்டில் சொன்னார்கள். இப்போது ஜனவரி.

பத்தொன்பது வருஷமாக நான் மணிலாவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டான் மாகாணத்தில் இருக்கிறேன். மரிவேலெஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஓர் ஆடை ஆலையில் தர ஆய்வாளன். சட்டைகளைப் புரட்டிப் பார்த்துப் பழுதானதில் சிவப்பு ஒட்டியை ஒட்டுவது வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் கதை எழுதுவேன். ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை, படிக்கவும் முடியாது. அதனாலேயே என்னை எழுத்தாளன் என்று முழுசாக நம்புகிறார்கள்.

ஊருக்கு சான் தியோபிலோ என்று பெயர் வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் தேட வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இந்தக் கதையில் எல்லோரும் பெயரைத்தான் மறைக்கிறார்கள். நான் மட்டும் யோக்கியனாக இருந்து என்ன ஆகப்போகிறது.

அட்டை, முதல் வரைவு (ஊர் மொழியான தகலோக்கில் எழுத வேண்டியதை முதலில் தமிழில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம்):

"சிப்பாயின் சாப்பாட்டு டப்பா மூடி. அலுமினியம். 1942. சாலையோரம் மாமரத்தடியில் தோண்டும்போது கிடைத்தது. இதன் சொந்தக்காரர்"

பன்னிரண்டு சொல்லில் வண்டி நின்றுவிட்டது. எப்படி நின்றது என்று விளக்கப் போய்த்தான் இது கதையாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கணக்கு.

2.

தொடக்கம், ஒன்று: "1942 ஏப்ரலில் சரணடைந்த படையை ஜப்பானியர்கள் வெயிலில் வடக்கே நடத்திக்கொண்டு போனார்கள். வழியில் விழுந்தவர்கள்"

[விட்டுவிட்டேன். விழுந்தவர்களை நான் பார்க்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கு வயதாகி, அதில் ஒருவர் பக்கத்துத் தெருவில் ரொட்டி விற்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.]

தொடக்கம், இரண்டு: "மழை பெய்துகொண்டிருந்தது."

[மழையில் தொடங்கும் கதைக்கெல்லாம் சிவப்பு ஒட்டி ஒட்டுகிறவன் நான். ஆனால் இந்தக் கதையில் மழை பெய்யத்தான் செய்தது. என்ன செய்ய.]

தொடக்கம், மூன்று: "பூட்ஸின் அடித்தோல் மெத்ரிங்கின் கையோடு வந்துவிட்டது."

இது நிற்கிறது. இதிலிருந்து போகலாம்.

3.

பூட்ஸின் அடித்தோல் மெத்ரிங்கின் கையோடு வந்துவிட்டது. ஜூலை மாதம், காலை எட்டு மணி, அறையைத் திறந்து துடைக்கிற நேரம். அருங்காட்சியகம் என்றால் நகராட்சிக் கட்டடத்தின் பின்பக்கத்தில் ஓர் அறை. சுவரில் மூன்று பலகைகள். அவற்றின்மேல் ஒரு ஜோடி பூட்ஸ், ஓர் ஊதுகொம்பு, மூன்று தண்ணீர்க் குப்பிகள், ஒரு நர்ஸின் நாட்குறிப்பு, ஒரு மூடி. இரும்புத் தொப்பி மட்டும் தரையில் மல்லாக்கக் கிடக்கும். கூரை ஒழுகுவது அந்த இடத்தில்தான். போரில் ஒரு தலையைக் காத்த தொப்பி இப்போது சொட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

மெத்ரிங்* தான் அறைக்குக் காப்பாளர். எழுபத்தைந்து வயது. அப்பா போருக்குப் போனபோது அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அவர் திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அவளுக்கு முன்னால் காப்பாளராக இருந்தவர் அவள் கணவர் அன்செல்மோ. அவர் இறந்து பன்னிரண்டு வருஷமாகிறது.

(* ஊரில் அவரை ஆலிங் மெத்ரிங் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவோம். கதைக்குள் நெருங்கிப் போக வேண்டியிருப்பதால் 'அவள்' என்று எழுதுகிறேன். நேரில் சொன்னால் பெயின்ட் பிரஷ்ஷாலேயே வாயில் போடுவார்.)

அன்று அவள் அழுதாள் என்று எழுத ஆசைதான். அழவில்லை. பலகையைத் தட்டிப் பார்த்தாள். உள்ளே கரையான் அரித்துப் பொக்கையாகியிருந்தது. அடித்தோலை ரப்பர் பேண்டு போட்டு பூட்ஸோடு சேர்த்துக் கட்டிவிட்டு, நேரே கவுன்சிலரிடம் போனாள்.

"கண்ணாடிப் பெட்டிதானே ஆலிங், செஞ்சிடலாம். நாலு பக்கமும் என் படம் வரும், பரவால்லியா?"

"நாலு பக்கமும் உங்க மூஞ்சி இருந்தா உள்ள இருக்கறத எப்படிப் பாக்கறது?"

"மேலேருந்து பாக்கட்டும்."

அங்கிருந்து ரொட்டிக் கடைக்கு வந்தாள். கடைக்காரர் மாங் குலாஸ் ('மாங்' என்பது பெரியவர்களுக்கான மரியாதை). எழுபத்தேழு வயது, எடுப்பான தொந்தி, எப்போதும் யாரையாவது சீண்டும் வாய். அவருடைய அப்பாவும் மெத்ரிங்கின் அப்பாவும் ஒரே தெரு, ஒரே படைப்பிரிவு, உயிர்ச் சிநேகிதர்கள். குலாஸின் அப்பாவும் திரும்பவில்லை.

"ரொட்டிக்கே எங்கடையில கண்ணாடிப் பெட்டி இருக்கு. உன் வீரருங்களுக்கு இல்ல பாரு," என்றார் குலாஸ். பிறகு ரொட்டி வாங்க நின்றிருந்த என் பக்கம் திரும்பினார். "ஏய் பும்பாய், உங்காளுங்க ஊர் பூரா வட்டிக்கு விடறாங்களே. ஒரு பெட்டிக்கு நீ விடேன்."

(இங்கே இந்தியன் என்றாலே 'பும்பாய்', பும்பாய் என்றாலே வட்டிக்காரன். நான் வட்டிக்கு விடுவதில்லை. பத்தொன்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன், ஒருத்தரும் நம்புவதில்லை.)

ஆகவே மணிலாவில் உள்ள ஓர் அறக்கட்டளைக்கு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். மேலே கண்ணாடி, கீழே ஈரம் புகாத இழுப்பறைகள், அப்படி இரண்டு பெட்டிகள் வேண்டும் என்று கேட்டோம். ஆகஸ்டில் அவர்கள் ஆய்வுக்கு ஆள் அனுப்பினார்கள்.

4.

வந்தவர் மிஸ் தும்லாவ். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அறைக்குள் வந்தவர், வந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

எல்லாம் வெள்ளி நிறத்தில் பளபளத்தன. ஊதுகொம்பு வெள்ளி. குப்பிகள் வெள்ளி. தொப்பி வெள்ளி. பூட்ஸுக்குக்கூட வெள்ளிச் சாயம்.

"யார் பெயின்ட் அடிச்சது?"

"நாந்தான்," என்றாள் மெத்ரிங் பெருமையாக. "எங்க வீட்டுக்காரர் ஆரம்பிச்சார். அவர் போனப்பறம் நானு. ஒரு வருஷம் தவறல. முப்பத்தொரு பூச்சு ஆச்சு."

"ஏன்?"

அந்தக் கேள்வியே மெத்ரிங்குக்கு விளங்கவில்லை. நவம்பர் ஒன்றாம் தேதி கல்லறைக்குப் போகிறோம். புல்லைச் செதுக்கி, சாயம் அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, தின்பண்டம் வைத்து, பொழுது சாயும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறோம். சாயம் அடிக்காத கல்லறை என்றால் நாதியற்ற பிணம் என்று அர்த்தம். கல்லறையே இல்லாதவர்களுக்கு இந்த அறையை விட்டால் வேறு எது?

"கல்லறைய யாராச்சும் அழுக்கா விடுவாங்களா, மிஸ்?"

மிஸ் தும்லாவ் நல்லவர். திட்டவில்லை. பொருள்கள் பழைய நிலையில் இருந்தால்தான் பெட்டி கிடைக்கும் என்றார். சாயத்தை எடுக்கும் பசை கொண்டு வந்திருந்தார். ஒன்றில் மட்டும் இங்கேயே செய்து காட்டுவதாகவும், மற்றவற்றை மணிலாவில் செய்து தருவதாகவும் சொல்லிவிட்டு, இருப்பதில் சிறியதாகப் பார்த்து அந்த மூடியை எடுத்தார்.

"இதுல பேர் ஏதாச்சும் கீறியிருந்துச்சா? பேர் இருந்தா அட்டையில போட்டாகணும். அது விதி."

வேடிக்கை பார்க்க வந்திருந்த குலாஸ் வாயை மூடிக்கொண்டார். அது ஊரில் அபூர்வமான காட்சி.

"துரு தின்னுடுச்சு," என்றாள் மெத்ரிங். "எங்க வீட்டுக்காரர் பாத்தார்."

மிஸ் தும்லாவ் மூடியை விரலால் சுண்டினார். "இது அலுமினியமாச்சே, ஆலிங். அலுமினியம் எப்படித் துருப்பிடிக்கும்?"

நீங்களே சொல்லுங்கள், வீட்டு அலுமினியக் குண்டானில் துருவைப் பார்த்திருக்கிறீர்களா? ஊரே முப்பத்தொரு வருஷம் அந்த மூடியைப் பார்த்தது. பழுது கண்டுபிடித்தே சோறு தின்கிற நானும் பார்த்தேன். ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

5.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது மாமரத்தடியில் மூடி கிடைத்தது. தோண்டியவனுக்குப் படிக்கத் தெரியாது. "மேல ஆணியால பேர் கீறியிருக்கு" என்று மட்டும் சொல்லி அன்செல்மோவிடம் கொடுத்தான். அந்த இரண்டு சிநேகிதர்களையும் கடைசியாக உயிரோடு பார்த்தது அந்த மாமரத்துக்குப் பக்கத்தில்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. செய்தி பரவி, இரண்டு வீட்டாரும் ஓடி வந்தார்கள். எங்கப்பாவுது, இல்லை எங்கப்பாவுது என்று வாசலில் இழுபறி. குலாஸ் ஒரு நாற்காலியையே தூக்கிவிட்டாராம்.

அன்செல்மோ மூடியைப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கழுவினார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். மூடி வெள்ளியாக மின்னியது, சாயம் இன்னும் காயவில்லை.

"துரு தின்னுடுச்சு. ஒண்ணும் தெரியல," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பது இதுதான். ஆனால் சண்டை நின்றது. அந்த நவம்பரில் இரண்டு வீட்டாரும் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு வந்து, மூடியின் இரண்டு பக்கமும் ஏற்றினார்கள். அது மட்டும் வெள்ளியாக இருந்தால் உறுத்தும் என்று மற்றவற்றுக்கும் அன்செல்மோ சாயம் அடித்தார். அவர் மனைவியிடம்கூடக் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை.

6.

குலாஸை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் அவரை வில்லனாக்கியிருந்தேன். சாட்சியும் இருந்தது. ஒவ்வொரு நவம்பரும் இலையில் கட்டிய சுமான் சோற்றை மூடிக்கு முன்னால் வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்: "சொரண்டிப் பாத்துடலாம்! தில் இருக்கா மெத்ரிங்?" அவள் அவரைத் திரும்பியும் பார்க்காமல் சாயம் அடித்துக்கொண்டிருப்பாள்.

எழுத வசதியான ஆள். அந்த வசதியால்தான் சந்தேகம் வந்தது. ஆலையிலும் அப்படித்தான், தையல் ரொம்ப நேராக இருந்தால் உள்பக்கம் பிரித்துப் பார்ப்பேன். அந்த ஆகஸ்ட் பிற்பகலில் அவர் தானாகவே பிரிந்தார். அதனால் முதல் வரைவு குப்பைக்குப் போயிற்று.

7.

பெட்டி வேண்டுமானால் மூடியைக் கொடுத்தாக வேண்டும். மெத்ரிங் பூட்ஸைப் பார்த்தாள். ரப்பர் பேண்டைப் பார்த்தாள். "தடவுங்க மிஸ்," என்றாள்.

பசையைத் தடவி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். மிஸ் தும்லாவ் மற்றப் பொருள்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். மெத்ரிங்கும் குலாஸும் வாசல் பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நான் கதவருகே நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குலாஸ்தான் தொடங்கினார். "மெத்ரிங், சொன்னா கோவிச்சுக்காத. அது உங்கப்பாவோடதுதான்."

"என்ன ஒளர்ற?"

"எனக்கு அன்னிக்கே தெரியும். மறுநாளேருந்து உன் புருஷன் எங்கடையிலதான் ரொட்டி வாங்குனான். தெனம் இருபது. உங்க வீட்டுல இருந்ததே ரெண்டு பேரு. இருபதையும் யாரு தின்னது?"

"கோழி தின்னுச்சு."

"பாத்தியா! என்னப் பாத்துப் பாவப்பட்டுத்தான வாங்கியிருக்கான்? பேர் எங்கப்பனோடதா இருந்தா அவன் ஏன் என்மேல பாவப்படணும்?"

மெத்ரிங் பெஞ்சில் காய்ந்துகிடந்த ஒரு சொட்டுச் சாயத்தை நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அது உங்கப்பாவோடது, குலாஸ்," என்றாள் கடைசியில். "அந்த மனுசன் சம்பளத்துல ஒரு காசக்கூட எங்கிட்ட மறைச்சதில்ல. எங்கப்பா பேரா இருந்திருந்தா அந்த நிமிஷமே ஓடிவந்து காதுல சொல்லியிருப்பார். சாகறப்பகூடச் சொல்லல. அப்பறம் யாருதா இருக்கும்?"

"தெரிஞ்சேவா வருஷா வருஷம் பெயின்ட் அடிச்ச?"

"நீ தெரிஞ்சேதான மெழுகுவத்தி ஏத்துன? சொரண்டு சொரண்டுன்னு வேற கத்துன."

"நீ சொரண்ட மாட்டேன்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் கத்துனேன்." குலாஸ் மூடி இருந்த அறைப் பக்கம் கையைக் காட்டினார். "அத விட்டா நான் எங்க போய் ஏத்துவேன், மெத்ரிங்?"

"நானும் அப்படித்தான்டா," என்றாள் அவள்.

[இதற்குப் பிறகு அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பிடித்துக்கொள்ளவில்லை. குலாஸ் மூக்கைச் சிந்தினார், அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.]

8.

மிஸ் தும்லாவ் தாளைப் பிரித்தார். வெளிச்சம் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். முப்பத்தொரு வருஷச் சாயம் ஒரே தோலாகச் சுருண்டு வந்தது. துடைத்தார். கீறல்கள் தெரிந்தன. எழுத்துகள் தெரிந்தன.

அவர் படித்தார். நானும் படித்தேன்.

"வாசிக்கட்டுமா?"

குலாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். மெத்ரிங் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"படிவத்துல எழுதிக்கங்க மிஸ்," என்றாள். "வாயால வேண்டாம்."

எழுதிக்கொண்டார். சாட்சியாக நான் கையெழுத்திட்டேன். மெத்ரிங் சாய டப்பாவை எட்டி எடுத்தாள். கூடாது ஆலிங், இனிமேல் ஒரு சொட்டுப் பட்டாலும் பெட்டி கிடையாது என்று மிஸ் தடுத்தார்.

"கவுத்து வெச்சா?" என்றார் சுவரைப் பார்த்து நின்ற குலாஸ்.

மிஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நேர்மையாகப் புரட்டினார், ஒவ்வொரு பக்கமாக. "எந்தப் பக்கம் மேல இருக்கணும்னு எதுவும் போடல."

அக்டோபரில் முதல் பெட்டி வந்தது. ஊதுகொம்பும் குப்பிகளும் சாயம் நீங்கி அதற்குள் இருக்கின்றன. நடுவில் மூடி, கவிழ்த்தபடி. பூட்ஸும் தொப்பியும் நாட்குறிப்பும் இன்னும் கரையான் பலகையிலும் ஒழுகும் கூரைக்குக் கீழேயும்தான். அட்டையை வைத்து, அதில் பெயரைப் போட்டு, படம் எடுத்து அனுப்பினால்தான் இரண்டாவது பெட்டி. ஜூனில் மழை தொடங்கும். அந்த பூட்ஸ் இன்னொரு மழை தாங்காது என்று மிஸ் சொல்லியிருக்கிறார். மெத்ரிங் அட்டையை எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறாள். "படிச்சவன் நீ, எழுதறவனும் நீ. எங்கிட்ட கேக்காத," என்றாள்.

9.

முடிவுகள்.

அ. பெயர் மெத்ரிங்கின் அப்பாவுடையது. அப்படியானால் அன்செல்மோ, குலாஸுக்காகத் தன் மனைவியிடமிருந்தே அவள் அப்பாவை மறைத்திருக்கிறார். இறந்துபோன கணவரோடு அவள் எங்கே போய்ச் சண்டை போடுவாள்?

ஆ. குலாஸின் அப்பாவுடையது. நான் நினைத்தது சரிதானே என்று சொல்லிவிட்டு மெத்ரிங் வீட்டுக்குப் போவாள். அடுத்த நவம்பரில் எங்கே போவாள்?

இ. இரண்டு பேருடையதும் இல்லை. வேறு எந்தத் தீவின் ஆளோ. எங்கேயோ ஒரு வீட்டில் கல்லறை இல்லாமல் வாசற்படியில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரிய வேண்டாமா?

ஈ. குலாஸ் மனம் இளகித் தன் ரொட்டிப் பெட்டியையே கொடுத்துவிடுகிறார். அட்டையே தேவையில்லை. [எழுதிப் பார்த்தேன். அவரிடம் கேட்டும் பார்த்தேன். "அப்ப ரொட்டிய எங்க வெக்கறது, உன் தலைமேலயா?" என்றார்.]

முதல் மூன்றில் ஒன்றுதான் உண்மை. அது எது என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயரைப் படித்த நொடியில், அன்செல்மோ ஏன் தூரிகையை எடுத்தார் என்றும் விளங்கியது. அதைச் சொன்னால் பெயரையே சொன்னதாகிவிடும்.

10.

கடைசியாக ஒன்று. இது நவம்பர் ஒன்றாம் தேதி நடந்தது.

பழக்கம் விடுமா, மெத்ரிங் சாய டப்பாவோடும் பிரஷ்ஷோடும் வந்துவிட்டாள். பூட்ஸையும் தொப்பியையும்கூட இனித் தொடக் கூடாது, அடிக்க எதுவும் இல்லை. கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். பிறகு குனிந்து, அறையின் நிலைப்படிக்குச் சாயம் அடித்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நெருப்பு கூடாது என்பதால் மெழுகுவர்த்தியையும் வாசலிலேயே வைக்க வேண்டியதாயிற்று. குலாஸ் சுமானோடு வந்தார். இந்த வருஷம் கத்தவில்லை.

அடித்து முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலேயே மெத்ரிங் கேட்டாள்.

"கண்ணு, அந்த எழுத்து நல்லா இருந்துச்சா?"

நான் பெட்டிக்குள் கவிழ்ந்துகிடந்த மூடியைப் பார்த்தேன்.

"எங்கப்பா கையெழுத்து முத்து மாதிரி இருக்கும்னு அம்மா சொல்லும். அதான் கேட்டேன்."

குலாஸ் பற்றவைத்த தீக்குச்சி விரல்வரை எரிந்தது. உதறினார். "எங்கப்பனுக்குப் பேர் எழுதவே வராது," என்றார் தணிந்த குரலில். "வேற யாராச்சும் கீறிக் குடுத்திருப்பாங்க. கூடப் போன சிநேகிதன் யாராச்சும்."

மெத்ரிங் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நான் அறிய, அவள் நவம்பர் ஒன்றாம் தேதியில் அவர் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஆணியால எழுதுனதுங்க," என்றேன். "யார் எழுதினாலும் அப்படித்தான் இருக்கும்."

"ஆமா," என்றாள் மெத்ரிங். "ஆணிதான." அவள் தன் மெழுகுவர்த்தியை எடுத்து, இன்னும் ஏற்றாமலிருந்த அவருடையதை அதில் பற்றவைத்தாள்.

அடுத்த திங்கள்கிழமை மிஸ் தும்லாவ் தொலைபேசியில் கூப்பிடுவார். அட்டை என்ன ஆயிற்று என்பார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பேன். பொய் இல்லை, இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இதோ முடிந்துவிட்டது, இனி அந்தச் சாக்கும் கிடையாது. ஒரு பக்கம் பூட்ஸ், தொப்பி, நாட்குறிப்பு. இன்னொரு பக்கம் நிலைப்படியில் இரண்டு மெழுகுவர்த்திகள். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றுகிற வழி எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு மெத்ரிங்கையும் தெரியும், குலாஸையும் தெரியும், ஜூனில் மழை வருவதும் தெரியும். கீழே இருபத்தொரு சொல் எழுதிவிட்டேன். பத்தொன்பது மிச்சமிருக்கிறது. ஒரு பெயருக்கு இரண்டு போதும். பேனாவைப் பிடியுங்கள்.

"சிப்பாயின் சாப்பாட்டு டப்பா மூடி. அலுமினியம். 1942. சாலையோரம் மாமரத்தடியில் கிடைத்தது. முப்பத்தொரு முறை வெள்ளிச் சாயம் பூசப்பட்டது. இரண்டு வீட்டார் இதற்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். சொந்தக்காரர் பெயர்: